எட்டடி நிலமும் இரண்டு நன்றிக் கடிதங்களும்

1. புறப்பாடு

சிறப்பாசிரியராக நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், பள்ளிக்கூட வாசலில் ஒரு சாமி புறப்பாடு நடந்துகொண்டிருந்தது. நான்கு பையன்கள் ஒரு சக்கர நாற்காலியைத் தோள் உயரத்துக்குத் தூக்கியிருந்தார்கள். ஐந்தாவது பையன் வாயாலேயே நாதஸ்வரம் வாசித்துக்கொண்டு முன்னால் போனான். நாற்காலியில் இருந்த பெண் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தாள்.

"எறக்குங்கடா. நான் என்ன உற்சவ மூர்த்தியா?"

அவள்தான் தமிழரசி. எட்டாம் வகுப்பு. இரண்டு கால்களும் சிறு வயதிலிருந்தே செயல்படவில்லை. வழக்கமாக அவளுடைய அம்மா அஞ்சம்மாள்தான் தூக்கிக்கொண்டு வகுப்புப் படியேறுவார். அன்று அவர் வர நேரமானதால் பையன்கள் கோயில் வேலையைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். மூன்றாம் படியில் நாற்காலி ஒரு பக்கம் சாய, நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். அவள் என்னைப் பார்த்து, "நீங்க யாரு, கட்டியக்காரரா?" என்றாள்.

பள்ளி, திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே, காவிரி வாய்க்கால் போய் முடிகிற கடைமடையில் இருக்கிறது. எந்தக் குறைபாடு உள்ள பிள்ளையும் மற்றப் பிள்ளைகளோடு அதே வகுப்பில் உட்கார்ந்து படிக்க வேண்டியதைச் செய்வது எங்கள் வேலை. வட்டார வள மையத்தில் ஆளுக்குச் சில பள்ளிகளைப் பிரித்துக் கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படியேறிய முதல் ஆள் நான். ஆகவே அரசாங்கத் தாளில் அச்சான எதையும் அப்படியே நம்புவேன். இந்தக் கதைக்கு அது முக்கியம்.

2. இருபத்துநாலு

ஏழாம் வகுப்பு வரை தரையோடு தரையான ஓட்டுக் கட்டடம். எட்டாம் வகுப்பு மட்டும் கான்கிரீட் கட்டடம். தரையிலிருந்து இரண்டடி உயரம், நான்கு படி. அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு 'மேல போறது' என்றாலே எட்டாவது போவதுதான்.

தலைமையாசிரியர் நல்லவர். எளிதான வழி ஒன்று சொன்னார். "அந்தப் புள்ளைய மட்டும் ஏழாவதுலயே உக்கார வச்சு எட்டாவது பாடத்தச் சொல்லிக் குடுத்துருவோம் தம்பி."

தமிழரசி கேட்டாள்: "ஏழாவது பாஸ் பண்ணிட்டு ஏழாவதுலயே உக்காரவா? அதுக்கு ஃபெயிலே ஆயிருப்பேனே சார், படிக்கிற வேலையாவது மிச்சம்."

அஞ்சம்மாளின் சிரமம் வேறு. "கடைமடைக்குத் தண்ணி வந்துட்டா நடவு சார். விடியறதுக்குள்ள வயல்ல எறங்கணும். ரோட்டுல சேக்காளிப் புள்ளைங்க தள்ளிக்கிட்டு வந்துரும். இந்தப் படியில யாரு தூக்குவா? இந்தப் பயலுவள நம்பிக் குடுக்க முடியுமா? நடவு ஆரம்பிச்சா நிப்பாட்டிக்கிறேன். அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

அடுத்த வருடம் என்று வீட்டில் உட்கார்ந்த பெண்பிள்ளைகள் எவரும் அந்த ஊரில் திரும்பி வந்ததில்லை என்று தலைமையாசிரியர் சொன்னார். ஆகவே தண்ணீர் வருவதற்குள், நாற்காலி உருண்டு ஏறுகிற மாதிரி படியோரம் ஒரு சாய்தளம் கட்ட வேண்டும். மாவட்டமே காவிரித் தண்ணீருக்குக் காத்திருக்க, நான் ஒருவன் மட்டும் நாலு நாள் தாமதமாக வரட்டுமே என்று நினைத்தேன். இதை வெளியில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

அலுவலகத்தில் மாதிரி வரைபடம் ஒன்று கொடுத்திருந்தார்கள். நேரான சரிவில் சக்கர நாற்காலிப் பிள்ளை ஒன்று சிரித்துக்கொண்டே ஏறும். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். இரண்டடிக்கு இருபத்துநாலு. டேப்பைப் பிடித்து அளந்தேன். தாழ்வாரத்திலிருந்து பள்ளி எல்லைக் கல் வரை பதினாறு அடிதான் இருந்தது. இடது பக்கம் அடிபம்பு, வலது பக்கம் கொடிக்கம்ப மேடை. பக்கவாட்டில் கொண்டுபோகவும் வழியில்லை. நேரே போனால் எட்டடி அடுத்த நிலத்துக்குள் போகும்.

3. இரண்டு வள்ளல்கள்

அடுத்த நிலம் என்பது காட்டாமணக்கு மண்டிய ஒரு துண்டு. ஆடுகூட உள்ளே போகாது. ஆனால் அதற்கு வழக்கு இருந்தது. பெரிய பண்ணையின் பேரன் சிங்காரவேல், பட்டா தன் பெயரில் என்றார். அங்கே தலைமுறையாகக் குத்தகைக்கு உழுத குடும்பத்து மாரியப்பன், சாகுபடி உரிமை தனக்கு என்றார். ஒருவர் ஆளுங்கட்சி, மற்றவர் எதிர்க்கட்சி. தேர்தல் வந்தால் ஆளும் எதிரும் இடம் மாறிக்கொள்ளும். வழக்கு மட்டும் அதே இடத்தில் இருக்கும்.

இரண்டு பேரிடமும் கெஞ்ச வேண்டியிருக்கும் என்று பயந்துகொண்டே போனேன். சிங்காரவேல் காபி கொடுத்து உட்கார வைத்தார். "படிக்கிற புள்ளைக்கு இல்லாத நெலமா தம்பி? எட்டடி போதுமா? பத்தா எடுத்துக்கங்க. ஒரு லெட்டர் மட்டும் குடுத்துருங்க."

மாரியப்பன் எனக்கு முன்பே பள்ளிக்கு வந்து காத்திருந்தார். "அவன் பத்தடி குடுத்தானாமே. நான் பன்னெண்டு குடுக்கிறேன். எழுதிக்கங்க சார். லெட்டர் ஒன்னு போதும்."

மனித மனத்தின் மேன்மையை நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று சாயங்காலமே இருவருக்கும் நன்றிக் கடிதம் எழுதினேன். 'தங்களுக்குப் பாத்தியப்பட்ட நிலத்தில் ஒரு பகுதியைக் கல்விப் பணிக்கு மனமுவந்து ஈந்த வள்ளலே' என்று தொடங்கி ஒரு பக்கம். இரண்டிலும் ஒரே வாசகம், பெயர் மட்டும் வேறு. கையெழுத்துப் போட்டேன். அழகாக இருக்கட்டும் என்று வள மைய முத்திரையையும் குத்தினேன். அதைக் குத்த என்னை யாரும் சொல்லவில்லை.

4. நோட்டீஸ்

நான்காம் நாள், செங்கல் வந்து இறங்கிய வேளையில், தலைமையாசிரியர் இரண்டு வக்கீல் நோட்டீசுகளை மேசையில் விரித்து வைத்திருந்தார். இரண்டிலும் என் கடித நகல். நிலம் தன் கட்சிக்காரருடையது என்று அரசு அலுவலகமே முத்திரை வைத்து ஒப்புக்கொண்டுவிட்டதாக ஒரு வக்கீல் எழுதியிருந்தார். அதையேதான் மற்ற வக்கீலும் எழுதியிருந்தார். எதிராளியிடம் அனுமதி வாங்கி அங்கே ஒரு செங்கல் வைத்தாலும் தடை உத்தரவு வாங்குவோம் என்று இரண்டுமே முடிந்தன.

"கோர்ட்டுல இத்தினி வருசமா தீர்ப்பு ஆவல. நீங்க ஒரே சாயங்காலத்துல ரெண்டு பேருக்கும் தீர்ப்பு எழுதிட்டீங்க" என்றார் தலைமையாசிரியர். "அதுல 'வள்ளலே' வேற."

கொத்தனார் நோட்டீசை எட்டிப் பார்த்துவிட்டுக் கரண்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "எட்டடிக்கு ஜெயிலுக்குப் போறதுன்னா நான் வரல சார்."

அதே நாள் மத்தியானம் வாய்க்காலில் தண்ணீர் வந்தது. ஊரே கரையில் நின்றது. அஞ்சம்மாள் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "திங்கக்கெழம நாத்துப் பறிக்கிறாங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

5. மடிப்பு

தமிழரசியிடம் சொல்ல அவள் வீட்டுக்குப் போனேன். கூரை வீட்டின் முன்னால் குறுகலான வாசல், அதன் ஓரத்தில் மேடாக அடுப்படி. அவள் வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

விஷயத்தைச் சொன்னேன். வரைபடத்தையும் காட்டினேன். அழுவாள் என்று நினைத்தேன். அவள் ஈரக் கையைத் துடைத்துவிட்டு வரைபடத்தை வாங்கினாள்.

"எவ்ளோ நீளம் வேணும் சார்?"

"இருபத்துநாலு அடி."

"பள்ளிக்கூட எடம்?"

"பதினாறு."

"பாதி ஏறி, திரும்பி, மீதிய ஏறுனா என்ன?"

நான் அவள் கையிலிருந்த வரைபடத்தை எட்டிப் பார்த்தேன்.

"இந்த அடுப்படிக்கு எப்புடி ஏறுறேன்னு நெனச்சீங்க?" அவள் நாற்காலியைத் தள்ளினாள். வாசலில் மண்ணைக் குவித்துச் சரிவு போட்டிருந்தார்கள். சுவரோரமாக அங்கே போய், சின்னத் திட்டு ஒன்றில் திரும்பி, இங்கே வந்து மேடேறி நின்றாள். "எங்கம்மா போட்டது. அவங்களுக்கு யாரும் படம் குடுக்கல."

"அந்தப் படத்துல நேரா இருந்துச்சு..." என்று இழுத்தேன்.

"படத்துல இருக்கிற புள்ள சிரிச்சுக்கிட்டே இருக்கு. நானும் சிரிக்கணுமா?"

மறுநாள் அளந்தோம். எல்லைக் கல்லை நோக்கிப் பன்னிரண்டு அடி ஏற்றம், அங்கே திரும்ப நாலடித் திட்டு, மறுபடி தாழ்வாரத்தை நோக்கிப் பன்னிரண்டு. கல்லுக்கு இந்தப் பக்கமே முடிந்தது. கொத்தனார் கரண்டியை வெளியே எடுத்தார். வெள்ளியன்று பூச்சு முடிந்தது. சனி, ஞாயிறு பையன்கள் தண்ணீர் ஊற்றினார்கள். திங்களன்று அஞ்சம்மாள் நாற்றங்காலில் இருந்தார். தமிழரசி தானே சக்கரத்தை உருட்டி ஏறினாள். திட்டில் திரும்பும்போது மூச்சு வாங்க ஒரு தரம் நின்றாள். நாதஸ்வரப் பையன் வாயைக் குவித்தான். "ஊதுன, சக்கரத்தக் காலு மேல ஏத்திருவேன்" என்றாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

சிங்காரவேலும் மாரியப்பனும் ஆளுக்கொரு சால்வையோடு வந்திருந்தார்கள். நிலம் கொடுத்தவர் என்று கல்வெட்டில் பெயர் போட வேண்டுமாம். நிலத்தை எடுக்கவே இல்லை என்றேன். "எடுக்காட்டி என்ன, குடுத்தமா இல்லையா?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். அவர்கள் ஒத்துப்போனதை ஊர் அன்றுதான் பார்த்தது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். பட்டாதாரர், குத்தகைதாரர், தலைமையாசிரியர், கொத்தனார் என்று எல்லோரையும் கேட்டேன். நாற்காலியில் இருந்தவளைக் கடைசியாகத்தான் கேட்டேன், அதுவும் கெட்ட சேதி சொல்லப் போன இடத்தில். அவளை முதல் நாளே கேட்டிருந்தால் இரண்டு வக்கீல்களுக்கு வேலை மிச்சமாகியிருக்கும்.

அன்று மத்தியானம் தமிழரசி கூப்பிட்டாள். "எல்லாருக்கும் லெட்டர் குடுத்தீங்கள்ல. எனக்கு?"

உட்கார்ந்து ஒன்று எழுதினேன். சாய்தளத்துக்கு வழி சொன்னவர் தமிழரசி, எட்டாம் வகுப்பு என்று இரண்டே வரி. 'வள்ளலே' இல்லை. தலைமையாசிரியரைக் கேட்டுவிட்டு முத்திரையும் வைத்தேன். அதற்கு மட்டும் இதுவரை யாரும் நோட்டீஸ் அனுப்பவில்லை.