பன்னிரண்டு மணி வரை மாற்றலாம்

தங்கை மருத்துவக் கல்லூரிக்குக் கிளம்பிப் போனது ஒரு திங்கட்கிழமை காலை, ஆறே முக்கால் பேருந்தில். இரண்டு பெட்டிகளில் கனமானதை அக்காதான் தூக்கிக்கொண்டு போனாள். அது ஏன் அவ்வளவு கனம் என்பது பேருந்து நிற்குமிடத்தில்தான் தெரிந்தது.

"உயிரியல் நோட்டு நாலையும் எடுத்துக்கிட்டேன்க்கா," என்றாள் தங்கை, ஜன்னல் வழியாக. "உனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே. அதோட..."

"அதோட?"

"நீ எப்படியும் இந்தத் தடவையும் தள்ளிப் போட்டுடுவே. அடுத்த வருஷம் பாடத்திட்டமே மாறுதாம். அப்புறம் இது எடைக்குப் போடத்தான் ஆகும்."

பேருந்து நகர்ந்துவிட்டது. 

வீட்டில் அக்காவைப் பெரியவள் என்பார்கள். வயது இருபத்தெட்டு. மருத்துவ நுழைவுத் தேர்வு வருஷத்துக்கு இரண்டு முறை நடக்கும். அதற்கு அவள் ஐந்து முறை பெயர் கொடுத்திருக்கிறாள். ஒருமுறைகூடத் தேர்வுக் கூடத்தின் வாசலை மிதித்ததில்லை. தேர்வுக்குப் பதினைந்து நாள் முன்பு, பகல் பன்னிரண்டு மணி வரை, தேதியை அடுத்த தேர்வுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு விதி உண்டு. அந்த விதியை எழுதிய புண்ணியவான் இவளை மனத்தில் வைத்துத்தான் எழுதினார் போலும். முதல் தடவை அப்பாவுக்கு முழங்கால் ஆபரேஷன். அது நியாயம். இரண்டாம் தடவை வேதியியலில் இரண்டு பாடம் பாக்கி. மூன்றாவது, வீடு மாறினார்கள். நான்காவது, ஜலதோஷம். ஐந்தாவதுக்குக் காரணம் என்று எதுவும் இல்லை. அது பாட்டுக்கு நடந்துவிட்டது. அவள் எழுதிய நோட்டுகளை ஏழு மாதம் புரட்டிவிட்டு, ஒன்பது வயது இளையவளான தங்கை ஒரே மூச்சில் எழுதி, தேறி, இன்று பெட்டியோடு போய்விட்டாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், பெரியவள் செய்த வேலையே மற்றவர்களைத் தள்ளிப் போட விடாமல் பிடித்து வைப்பதுதான். ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேஜையில் ஆறு வருஷமாக உட்கார்ந்திருந்தாள். நோயாளிகள் அவளுக்கு வைத்த பெயர் கறார். "கறார் இருக்காங்களா?" என்று மெல்லக் கேட்டுவிட்டு, இருக்கிறாள் என்றால் போனை வைத்துவிடுகிறவர்கள் உண்டு. தேதி மாற்றக் கேட்கிறவர்களின் பெயருக்குப் பக்கத்தில் அவள் பென்சிலால் ஒற்றை எழுத்து போட்டு வைப்பாள். 'கா' என்றால் காய்ச்சல். 'வி' என்றால் விருந்தாளி. 'வெ' என்றால் வெளியூர். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டு 'ப' என்று போடுவாள். ப என்றால் பயம். ஆறு வருஷத்தில் அந்தத் திருத்தம் தப்பானதே இல்லை.

இப்போது ஆறாவது தடவை. தேதி மாற்ற அந்த வாரம் வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணி கெடு. அது வரைக்கும் வீட்டில் வேறு பேச்சே இல்லை.

"மூணு மாசமா நீ புத்தகத்தையே தொடல. தள்ளிப் போட்டுட்டு நிதானமா படிச்சு எழுதேன்," என்றாள் அம்மா.

"புதுப் பாடத்தை முதல்லேர்ந்து படிக்கணும்மா."

"படி. உன் மூளைக்கு என்ன குறைச்சல்?"

அப்பா லிஃப்ட் பழுதுபார்த்து ஓய்வு பெற்றவர். எதைச் சொன்னாலும் கடைசியில் ஒரு கட்டடத்துக்குள்தான் போய் நிற்பார். "கதவு திறந்ததும் ஏறிடணும். வாசல்ல நின்னு யோசிச்சிட்டிருந்தா அதுவா மூடிக்கும்," என்றார்.

"ஏறி, நடுவுல மாட்டிக்கிட்டா?"

"மாட்டிக்கிட்டவங்களைத் திறந்து விட்டுத்தானே உங்களை வளர்த்தேன்?"

பெரியவளுக்குத் தெரிந்த உண்மை ஒன்று இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. எழுதாத வரைக்கும் அவள் தோற்றதில்லை. சொந்தக்காரர்கள் இன்னும் "டாக்டருக்குப் படிச்சிட்டிருக்கா" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எழுதித் தவறிவிட்டால் அவள் பல் மருத்துவமனையில் போன் எடுக்கிறவள், அவ்வளவுதான். இத்தனை வருஷம் அவள் பத்திரமாக வைத்திருந்தது அந்தத் தோற்காத பெயரைத்தான்.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு முடிவெடுத்தாள். தள்ளிப் போடுவது. எடுத்ததும் தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. மருத்துவமனைக் கணினியிலேயே தேர்வு வாரியத்தின் பக்கத்தைத் திறந்து, 'தேதி மாற்று' என்ற பச்சைப் பொத்தானின் மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்தாள். அப்போது போன் அடித்தது.

மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர். ரூட் கெனால். சாயங்காலம் நாலு மணிக்கு வர வேண்டியவர்.

"மேடம், அடுத்த மாசம் வெச்சுக்கலாமா?"

அவள் கை சுட்டெலியை விட்டுப் பென்சிலை எடுத்தது. "சார், இது நாலாவது தடவை."

"கடையில ஆள் இல்ல மேடம்."

"போன தடவையும் ஆள் இல்லன்னீங்க. அப்போ ஒருத்தர் பின்னாடி நின்னு இருமிக்கிட்டிருந்தாரு."

"அது... சும்மா வந்தவர். உள்ளதைச் சொல்லணும்னா, மனசு இன்னும் தயாராகல மேடம்."

அவ்வளவுதான். கறார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மனசு என்னிக்கு சார் தயாராகியிருக்கு? வலி தயாரா இருக்கே, பத்தாதா? இன்னிக்குத் தள்ளிப் போட்டா உங்களுக்கு நிம்மதியா இருக்கும். எவ்வளவு நேரத்துக்கு? சாயங்காலம் வரைக்கும். ராத்திரி அது திரும்ப ஆரம்பிக்கும். தள்ளிப் போடறதால பல்லு சரியாகுதா? நீங்க பயந்துக்கிட்டே இருக்கிற நாள்தான் கூடுது."

காத்திருந்தவர்கள் பத்திரிகையைத் தாழ்த்தினார்கள். வாயில் பஞ்சோடு இருந்த ஒரு அம்மாள் பலமாகத் தலையாட்டினாள். கடைக்காரரும் லேசில் விடுகிறவர் இல்லை. தன் சின்ன வயசில் ஒரு டாக்டர் தப்பான பல்லைப் பிடுங்கிய கதையை முழுசாகச் சொன்னார். பெரியவள் பொறுமையாகக் கேட்டாள். ஒவ்வொரு பயத்துக்கும் ஒரு பதில் வைத்திருந்தாள். கடைசியில் அவர் பெருமூச்சு விட்டு, "சரி மேடம். நாலு மணிக்கே வந்துடறேன்," என்றார்.

வெற்றியோடு போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தாள். மணி பன்னிரண்டு நாலு. பச்சைப் பொத்தான் சாம்பல் நிறமாகியிருந்தது. பதினோரு முறை அமுக்கிப் பார்த்தாள்.

பல் டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார். "நல்லா பேசினே. உள்ளே வரைக்கும் கேட்டுச்சு."

"டாக்டர், உடம்பு சரியில்லைன்னு சர்டிபிகேட் கொடுத்தா இப்பவும் மாத்தலாமாம். நீங்க ஒண்ணு..."

"உள்ளே வந்து உட்காரு. வாயைத் திற."

திறந்தாள். டாக்டர் விளக்கை இழுத்து, கடைவாய் வரைக்கும் நிதானமாகப் பார்த்தார்.

"ஒரு சொத்தைகூட இல்ல. என்னன்னு எழுதறது? காய்ச்சலா, விருந்தாளியா? உன் லிஸ்ட்ல வேற எழுத்து ஒண்ணு இருக்கு, ஆனா அதுக்கு சர்டிபிகேட் கிடையாது." விளக்கை அணைத்தார். "பதினஞ்சு நாள் லீவு எடுத்துக்கோ. போனை நான் எடுக்கறேன்."

நாலு மணிக்குக் கண்ணாடிக் கடைக்காரர் வந்தார். மரத்துப்போன உதட்டோடு வெளியே வந்து, "நீங்க மட்டும் சொல்லலேன்னா..." என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவரை அவள் பார்த்த பார்வையில் நன்றி இருந்ததாகச் சொல்ல முடியாது.

ராத்திரி தங்கைக்குப் போன் செய்தாள். "நோட்டை அனுப்பு."

"நிஜமாவே எழுதப் போறியா? ஐயோ, படமெல்லாம் நல்லா இருக்குன்னு அதை சீனியர்ங்க வாங்கிட்டுப் போயிட்டாங்கக்கா. உன் கையெழுத்து ஹாஸ்டல் பூரா சுத்துது."

அவள் கையெழுத்து மருத்துவக் கல்லூரிக்குப் போய்விட்டது, அவள்தான் பாக்கி. வேறு வழியில்லாமல் வெள்ளைத்தாளை எடுத்து வைத்துக்கொண்டு நினைவிலிருந்தே எழுத ஆரம்பித்தாள். பாதிக்கு மேல் வந்தது. வராத இடங்களை மட்டும் புத்தகத்தில் தேடிப் படித்தாள். பதினைந்து நாளும் போனது தெரியவில்லை.

தேர்வுக் கூடம் எதிர்பார்த்த அளவுக்குப் பயங்கரமாக இல்லை. மின்விசிறி கிறீச்சிட்டது, பக்கத்தில் இருந்த பையன் நகம் கடித்தான், மூன்று மணி நேரம் ஆனது. வெளியே அப்பா ஸ்கூட்டரோடு நின்றார்.

"மேல போச்சா, கீழ போச்சா?"

"ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுடுச்சுப்பா."

"பரவாயில்ல, உக்காரு," என்றார்.

முடிவு வந்தபோது, அவள் சொன்னது துல்லியமாக இருந்தது. தேறவும் இல்லை, தவறவும் இல்லை. காத்திருப்போர் பட்டியலில் நாற்பத்தொன்று. முன்னால் இருக்கும் நாற்பது பேர் வேண்டாமென்றால்தான் இவளுக்கு. "டாக்டருக்குப் படிச்சிட்டிருக்கா" என்ற சொந்தக்காரர்கள், இப்போது "டாக்டர் சீட்டுக்குக் காத்திட்டிருக்கா" என்றார்கள். பெரியவள் காலையில் எழுந்து வேலைக்குப் போனாள், தேதி கொடுத்தாள், பென்சிலால் எழுத்துப் போட்டாள். மாதக் கடைசியில் அழித்துத் திருத்துவதை மட்டும் விட்டுவிட்டாள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

பத்து மாதம் கழித்து ஒரு மத்தியானம், ஒரு பாட்டியின் பல் செட்டுக்குத் தேதி குறித்துக்கொண்டிருக்கும்போது, கல்லூரியிலிருந்து செய்தி வந்தது. 'தங்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டுள்ளது' என்ற முதல் வரியைப் படித்ததுமே கீழே இருந்த 'சம்மதம்' என்பதை அமுக்கிவிட்டாள். மீதியை அப்புறம்தான் படித்தாள்.

'புதிய ஆய்வுக்கூடக் கட்டடப் பணி இன்னும் முடிவடையாததால் வகுப்புகள் தொடங்கும் நாள் ஆறு மாதம் தள்ளிவைக்கப்பட்டுள்ளது. சிரமத்துக்கு வருந்துகிறோம்.'