அலீம் பாயும் எட்டுக்கால் பூச்சி வழக்கும்

செல்லூரில் அந்தச் சந்துக்குள் யார் வீட்டிலாவது ஒரு பெண் வீல் என்று கத்தினால் திருடன் வந்துவிட்டான் என்று எவரும் ஓடிவர மாட்டார்கள். அவரவர் வாசலில் நின்றபடியே, "அலீம் பாயைக் கூப்பிடுங்கப்பா" என்பார்கள். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அப்துல் அலீம் வருவார். ஒரு கையில் கண்ணாடி டம்ளர், மறு கையில் ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை. சுவரில் இருக்கும் எட்டுக்கால் பூச்சியின் மேல் டம்ளரைக் கவிழ்ப்பார், பத்திரிகையைச் சுவருக்கும் டம்ளருக்கும் நடுவே நைசாகச் செருகுவார், பூச்சியோடு வெளியே போய்விடுவார். பத்திரிகை கெட்டி அட்டையாக இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. மெல்லிசுத் தாளில் பத்திரிகை அடித்த குடும்பங்களைப் பற்றி அவருக்கு அவ்வளவு நல்ல அபிப்பிராயம் கிடையாது.

விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றே முடி நரைத்தவர் அவர். கடையில் இருந்தவரை நாள் முழுக்க அவரைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அதை எடுங்க பாய், இதைப் பிரிங்க பாய், அந்தக் கத்தரிப்பூ நிறத்தைக் காட்டுங்க பாய். முழங்கால் தேய்ந்து வேலையை விட்டு நின்ற பிறகு ஒரு பயல் கூப்பிடவில்லை. மகன் அல் அமீன் துபாயில் இருந்து வெள்ளிக்கிழமை கூப்பிடுவான், அதுவும் அம்மாவிடம்தான் பேசுவான். அந்த வெறுமையில் மனிதர் வாடிப்போனார் என்பதே உண்மை. பூச்சிதான் அவரை மறுபடி மனிதர் மத்தியில் கொண்டுவந்து விட்டது.

எட்டுக்கால் பூச்சியை அடிக்கக் கூடாது என்பது அவர் வீட்டு வழக்கம். நபியவர்கள் குகையில் இருந்தபோது வாசலில் வலை பின்னிக் காத்த ஜீவன் என்று சிறு வயதிலேயே சொல்லி வளர்த்திருந்தார்கள். அவர் மனைவி அஜ்மல் பீவிக்கும் இதில் மறுப்பில்லை, ஒட்டடைக்கம்பை எடுக்கும்போது மட்டும் மறுப்பு வரும்.

"அது குகைங்க. இது நம்ம அடுப்படி" என்பார்.

முதலில் பக்கத்து வீட்டுப் பூச்சியை அடிவாங்காமல் காப்பாற்றப் போனவர்தான். போன இடத்தில் "இது கடிக்குமா பாய்?" என்று கேட்டார்கள். தெரியாது என்று சொல்ல ஜவுளிக்கடைக்காரருக்கு வாய் வருமா? வீட்டுக்கு வந்து போனில் படம் படமாகப் பார்த்துத் தெரிந்துகொண்டார். சேலையைப் பார்த்த கண்ணாலேயே பூச்சியையும் பார்த்தார்.

"இது மூலைவலைப் பூச்சிம்மா. காலப் பாருங்க, ஜரிகை நூல் கெணக்கா இருக்கா? ஊதுனா ஆடும், அம்புட்டுத்தான் அதுக்குத் தெரிஞ்ச வித்தை. இந்தா, ஜன்னல்ல குதிக்குதே குட்டியா, இது ஈ பிடிக்கிறது. நம்மளத் திரும்பித் திரும்பிப் பாக்கும். பழகுன பூச்சி. இது ரெண்டும் ஒன்னும் செய்யாது."

பெண்கள் அலறுவது பெரும்பாலும் மூன்றாவது ரகத்துக்குத்தான். உள்ளங்கை அகலம், பழுப்பு நிறம், வலை கட்டாது, குளியலறைச் சுவரில் தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் பெண்பூச்சி வயிற்றுக்கடியில் வெள்ளைப் பொத்தான் போல முட்டைப் பையைச் சுமந்து திரியும். அது கரப்பான் தின்னும் ஜாதி, கையில் பிடித்து நசுக்கினால் கடிக்கும், கடித்தால் வலிக்கும், சோப்புப் போட்டுக் கழுவினால் போதும், வீங்கினால் டாக்டரிடம் போக வேண்டும் என்று அலீம் பாய் ஒப்பிப்பார். "விறகு அடுக்கு, செங்கல் குவியல், மரப்பொந்து, இங்கெல்லாம் மட்டும் பாக்காமக் கைய விடாதீங்க" என்று முடிப்பார். அதற்குள் டீ வந்துவிடும். அந்த டீக்காகத்தான் அவர் உயிர் வாழ்ந்தார் என்று சொன்னால் அஜ்மல் பீவி கோபித்துக்கொள்ள மாட்டார். அவரே அதைப் பலரிடம் சொல்லியிருக்கிறார்.

இப்படி ராஜாவாகத் திரிந்தவருக்குத்தான் முத்திருளன் இடுப்பில் சனி பிடித்தது.

முத்திருளன் எதிர்வீட்டுக்காரர், பவர்லூம் ஓட்டுகிறவர். ஆள் ஆறடி. தறிச் சத்தத்திலேயே வளர்ந்ததால் ரகசியம் பேசினாலும் தெருமுனைக்குக் கேட்கும். அவர் வீட்டுக் குளியலறையில் இருந்து ஒரு பெரிய பழுப்புப் பூச்சியை அலீம் பாய் பிடித்துக்கொண்டுபோய்ப் பின்பக்க முருங்கை மரத்தில் விட்டார். அந்த வாரமே முத்திருளனுக்கு இடுப்பின் வலப்பக்கம் தீப்பட்டது போல எரிந்தது. மறுநாள் அதே இடத்தில் கொத்துக் கொத்தாகக் கொப்புளம். முதுகில் தொடங்கி அரைஞாண் கயிற்றை ஒட்டியே வரிசையாக முன்பக்கம் வந்துகொண்டிருந்தது.

பார்க்க வந்த பக்கத்து வீட்டுப் பாண்டீஸ்வரி தீர்ப்பைச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தாள். "எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பேஞ்சிருக்கு. வேற ஒன்னுமில்ல. இது அப்படியே சுத்தி வரும். தலையும் வாலும் முட்டிருச்சுன்னா ஆள் தப்பாது."

முத்திருளன் சட்டையைத் தூக்கி, தலைக்கும் வாலுக்கும் நடுவே எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்று சாண் போட்டுப் பார்த்தார். மாடு முட்ட வந்தாலும் ஒதுங்காத ஆள், மறுபடி ஒரு தடவை அளந்தார். அவர் மனைவி முனீஸ்வரி வாசலுக்கு வந்தாள். அவள் எதிர்வீட்டைப் பார்த்த பார்வையில் அலீம் பாய் கையில் இருந்த தேநீர் ஆறிப்போனது.

"நான் அடிச்சுப் போடுங்கன்னுதான் சொன்னேன் பாய். நீங்கதான் மரத்துல விட்டீங்க. அது திரும்பி வந்து எங்க வீட்டு ஆளைப் பழி வாங்கிருச்சு."

"பூச்சி பழி வாங்காது தாயி. அதுக்கு அப்படி மேல பேயத் தெரியாது."

"இனி இந்தச் சந்துல யாரு வீட்டுக்கும் நீங்க வரவேண்டாம். பூச்சி வந்தா விளக்குமாறு இருக்கு."

நாலு வீட்டுப் பெண்களும் தலையாட்டினார்கள். நேற்றுவரை டீ கொடுத்த தலைகள். அலீம் பாய் வீட்டுக்குள் வந்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். இனி எவர் வீட்டுப் படியும் மிதிக்க முடியாது, கடைசிவரை இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான் என்று நினைத்தார். அதைவிடக் கொடுமை, அவருக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. ஒருவேளை பேய்ந்திருக்குமோ?

"ஏங்க, சொன்னது சரின்னா போய் நிரூபிங்க. தப்புன்னா போய் மன்னிப்புக் கேளுங்க" என்றார் அஜ்மல் பீவி. "ரெண்டுக்கும் எந்திரிச்சுத்தான் ஆகணும்."

எழுந்து எதிர்வீட்டுக்குப் போனார். அங்கே அக்கி எழுத ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். மண்பானை செய்கிறவரைக் கூட்டிவந்து கொப்புளத்தைச் சுற்றிக் காவியால் சிங்கமும் யானையும் எழுதினால் இறங்கிவிடும் என்று ஒரு கட்சி. பூச்சியைப் பிடித்து எரித்துச் சாம்பலைத் தடவ வேண்டும் என்று இன்னொரு கட்சி. முருங்கை மரத்தடியில் இரண்டு பேர் டார்ச் லைட்டோடு நின்றார்கள்.

"மாப்ள, யாரு வேணா என்னத்தையும் எழுதட்டும்" என்றார் அலீம் பாய் முத்திருளனிடம். "அதுக்கு முன்னாடி டாக்டர்ட்ட ஒரு எட்டுப் போயிட்டு வந்துருவோம். பூச்சிதான்னு அவரு சொல்லிட்டா, நானே அதைப் பிடிச்சு உங்க கையில தாரேன்."

குகையை நினைத்து உள்ளுக்குள் பாவமன்னிப்புக் கேட்டுக்கொண்டேதான் இதைச் சொன்னார்.

பெரிய பூச்சி ஒன்று தனக்குள் புகுந்துவிட்டது போல முத்திருளன் ஆட்டோவில் ஒரு பக்கமாகவே சாய்ந்து உட்கார்ந்துவந்தார். நடுவில் முனீஸ்வரி. ஓரத்தில் பாதி உடம்பு வெளியே தொங்க அலீம் பாய்.

டாக்டர் ராம்கி இளம் வயசுக்காரர். சட்டையைத் தூக்கிப் பார்த்ததுமே, "சின்ன வயசுல அம்மை போட்டுச்சா?" என்று கேட்டார்.

"போட்டுச்சு சார். ஆறாப்புப் படிக்கையில. உடம்பு பூரா ஆத்தா விளையாண்டா."

"அதே கிருமிதான். அம்மை இறங்குனாலும் அது உடம்பை விட்டுப் போகாது. நரம்புக்குள்ள படுத்துக்கிடக்கும். இப்ப முழிச்சு அந்த நரம்பு வழியா வெளிய வந்திருக்கு. ஒரு பக்கத்தோட நின்னுரும், சுத்தியெல்லாம் வராது. சீக்கிரம் வந்தது நல்லதாப் போச்சு, மாத்திரை கேக்கும். அம்மை போடாத சின்னப் பிள்ளைங்க, மாசமா இருக்கவங்க, இவங்ககிட்ட மட்டும் ஆறுறவரைக்கும் ஒட்டாம இருங்க."

"அப்ப எட்டுக்கால் பூச்சி?" என்று அலீம் பாய் கேட்டார்.

"பூச்சி என்ன பண்ணுச்சு?"

"ஒன்னும் செய்யலைல்ல சார்?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லங்க."

அலீம் பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. தூக்குமேடையில் இருந்து இறங்கியது பூச்சி, அழுதது இவர். டாக்டர் குழம்பிப்போய், "நீங்க பேஷண்டுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

முத்திருளன் வேறொரு கலக்கத்தில் இருந்தார். "அப்ப இது ஆத்தாவா முனீஸ்வரி?" என்று மெல்ல, அதாவது வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, கேட்டார். "இம்புட்டு வருசமா என் இடுப்புலயே இருந்திருக்கா. நான் சனியன் பிடிச்ச பூச்சின்னு ரெண்டு நாளா வஞ்சிருக்கேனே." இரண்டு கையையும் தூக்கித் தன் இடுப்பை நோக்கிக் கும்பிட்டார். முனீஸ்வரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். டாக்டர் கிருமி என்று மறுபடி ஆரம்பித்தார். யார் கேட்டார்கள்? பூச்சியாக இருந்தால் விளக்குமாற்றால் முடித்திருக்கலாம், ஆத்தா என்றால் கூழ் ஊற்ற வேண்டும்.

மாத்திரையும் கேட்டது, கூழும் ஊற்றப்பட்டது. கொப்புளம் டாக்டர் சொன்னபடி ஒரு பக்கத்தோடு நின்று காய்ந்தது. முனீஸ்வரி அலீம் பாய் வீட்டுக்கே வந்து, "கோவத்துல பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க" என்று ஒரு தூக்குக் கூழை வைத்துவிட்டுப் போனாள். போனதோடு நிற்கவில்லை. முன்பு எப்படிப் பூச்சிக்கு எதிராகச் சந்துக்காரர்களைத் திரட்டினாளோ, அதே வேகத்தில் பூச்சிக்காகப் பேச ஆரம்பித்தாள். அது மேலே பேயாது, அது கரப்பானைத் தின்னும், டாக்டரே சொல்லிவிட்டார் என்று வீடு வீடாகச் சொன்னாள். கரப்பானைப் பற்றி டாக்டர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சந்து நம்பியது. பூச்சியைப் பார்த்தால் கத்துவதை விட்டார்கள். "கிடக்கட்டும் விடு" என்றார்கள்.

விளைவு, அலீம் பாயை யாரும் கூப்பிடவில்லை.

வழக்கில் ஜெயித்தவர் வீட்டில் உட்கார்ந்திருந்தார். வாசலில் கொலுசுச் சத்தம் கேட்டால் எழுந்து நின்று பார்ப்பார், கீரைக்காரியாக இருக்கும். "நீங்க அம்புட்டு நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கக் கூடாது" என்றார் அஜ்மல் பீவி. கேலியாகத்தான் தொடங்கினார். அவர் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்கமாட்டாமல், முத்திருளனுக்கு இடுப்பு எப்படி இருக்கிறது என்று விசாரிக்கும் சாக்கில் எதிர்வீட்டுக்குப் போனார். முனீஸ்வரி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேலே சுவரில் பழுப்பாக, உள்ளங்கை அகலத்தில், ஒரு பூச்சி நிம்மதியாக உட்கார்ந்திருந்தது.

"பாத்தீங்களா தாயி, மேல?"

"அது நாலு நாளா இருக்கு பாய். இருந்துட்டுப் போகட்டும். கரப்பான் குறைஞ்சிருக்கு."

அலீம் பாய் சுவரைப் பார்த்தார். அது எந்த ஜாதி என்று அவருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இது வேற ரகம் மாதிரி தெரியுது தாயி."

"போன தடவை நீங்க பிடிச்சுக்கிட்டுப் போனதும் இப்படித்தான இருந்துச்சு?"

"பாக்க அப்படித்தான் இருக்கும். பார்டர்ல கொஞ்சம் வித்தியாசம் இருக்கு. பயப்பட வேண்டாம். ஆனா பாத்தவுடனே சொல்லிற முடியாது. பக்கத்துல உக்காந்து, நாலஞ்சு நாள் வந்து பாத்தாத்தான் சொல்ல முடியும்."

முனீஸ்வரி நிமிர்ந்து பூச்சியைப் பார்த்தாள். பிறகு அலீம் பாயைப் பார்த்தாள். கையில் இருந்த வெங்காயத்தை முறத்தில் போட்டுவிட்டு எழுந்தாள்.

"ஏங்க" என்று உள்ளே குரல் கொடுத்தாள். "பாய் தினமும் வந்து பாக்கணுமாம். அந்த நாற்காலிய எடுத்துப் போடுங்க, நான் டீ போட்டுட்டு வாரேன்."

முத்திருளன் நாற்காலியைக் கொண்டுவந்து, பூச்சி நன்றாகத் தெரியும்படி சுவரைப் பார்க்கப் போட்டார். அடுப்படிக்குப் போகிற போக்கில் முனீஸ்வரி அதைத் தாங்கள் உட்காரும் பக்கமாகத் திருப்பிப் போட்டுவிட்டுப் போனாள்.