வாப்பாவின் பின் சீட்

ஆசிரியை நியமனம் கிடைத்து முதல் இரண்டு வருடமும் நான் பள்ளிக்கூடம் போனது வாப்பாவின் மோட்டார் சைக்கிளில், பின்னால், ஒருபக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்துதான். அந்த இரண்டு வருடம் முடியும்போது எனக்கு இருபத்தாறு வயது. பட்டதாரி. 'டீச்சர், டீச்சர்' என்று நாற்பது பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால்தான் தினமும் காலையில் வாப்பா என்னை அரிசி மூட்டை இறக்குவதுபோல இறக்குவார்.

இறக்கிவிட்டு வீட்டுக்குப் போனாலாவது பரவாயில்லை. போகமாட்டார். பள்ளிக்கூட வாசலில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. அதற்குக் கீழே பைக்கை நிறுத்திவிட்டு, காவல்காரரிடம் ஒரு கதிரை வாங்கிப் போட்டு, ஒன்றரை மணிக்குப் பள்ளிக்கூடம் விடும்வரை அங்கேயே இருப்பார். நான் கணக்குப் படிப்பித்துக்கொண்டு ஜன்னலால் பார்த்தால் வாப்பா தெரிவார். கரும்பலகையில் எழுதித் திரும்பினாலும் வாப்பா தெரிவார். ஒருநாள் அதிபர் கேட்டார், "டீச்சர், ஒங்கட வாப்பாட பேரையும் வரவு இடாப்புல போடவா?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது.

எங்கள் வீடு கண்டக்குழியில். பள்ளிக்கூடம் களப்புப் பக்கம். பஸ்ஸில் போனால் பெரிய ரோட்டில் இறங்கி, வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே ஐந்து கிலோமீற்றர் மணல் ரோட்டில் உள்ளே போகவேண்டும். அந்த ரோட்டில் பஸ்ஸோ ஆட்டோவோ கிடையாது. ஸ்கூட்டி ஓடும் டீச்சர்மார் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே மூன்று பேர். கடற்கரைக்கு வரும் வெள்ளைக்காரிகள் அரைக் காற்சட்டையோடு வாடகை பைக்கில் எங்கள் வீட்டைத் தாண்டிப் பறப்பார்கள். வாப்பா ஒதுங்கி வழி விட்டுச் சிரித்துத் தலையாட்டுவார். ஓடும் அனுமதி எனக்கு மட்டும்தான் இல்லை.

இத்தனைக்கும் எனக்கு ஓடத் தெரியும். பல்கலைக்கழகத்தில் இருந்தபோது கூட இருந்த பிள்ளையின் நானா, அவளுடைய அண்ணன், ஒரு பழைய கியர் பைக்கை அவளிடம் விட்டுவிட்டு வெளிநாடு போயிருந்தார். அதில்தான் பழகினேன். விழுந்தேன், முழங்கை உரிந்தது, மறுபடியும் ஏறினேன். லைசனும் எடுத்தேன். வீட்டுக்குத் தெரியாமல்தான். தெரிந்து எடுப்பதென்றால் இந்த ஜென்மத்தில் எடுத்திருக்க முடியாது.

நியமனம் வந்த கிழமை உம்மா என் பையைத் துவைக்கப் போட எடுத்தபோது அந்த அட்டை கீழே விழுந்தது. உம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் அட்டையில் பைக்கின் படம் இருந்ததே!

"இது என்னத்துக்கு?"

"ஓடத்தான், உம்மா."

"ரோட்டுல பொம்புளப் புள்ள பைக் ஓடினா கதைக்கிறதுக்கெண்டே இந்த ஊருல ஆக்கள் இரிக்காங்க. கலியாணம் பேசுற நேரம். விழுந்து கால் முறிஞ்சா யாரு எடுப்பான் ஒன்ன?"

உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சத்தியம் பண்ணு. என் மேல வேணாம். அல்லாஹ் மேல பண்ணு."

பண்ணினேன். இருபத்து நான்கு வயதில் உம்மாவின் பிடிக்குள் கையை வைத்துக்கொண்டு, அல்லாஹ் மேல் சத்தியமாக இனி பைக் ஓடமாட்டேன் என்று சொன்னேன். என்ன புத்தி எனக்கு! அன்றைக்குப் பார்த்து நல்ல பிள்ளையாக இருக்கவேண்டும் என்று தோன்றிவிட்டது. லைசன் அலுமாரிக்குள் போனது, சாவி உம்மாவின் இடுப்பில்.

இரண்டாவது வருடத்தில் வாப்பாவின் ஓட்டம் மாறியது. முதலில் எனக்கு விளங்கவில்லை. தினமும் போகும் ரோட்டில் தினமும் இருக்கிற பள்ளத்தில் போய் விழுவார். எதிரே லொறி வந்தால் தேவையில்லாமல் தோட்ட வேலியோரம் ஒதுங்கி நிற்பார். வாப்பாவுக்குச் சீனி வருத்தம், அதாவது சர்க்கரை நோய், பத்துப் பன்னிரண்டு வருடமாக இருக்கிறது. கிளினிக்கில் கண்ணைக் காட்டச் சொல்லியிருந்தார்கள். காட்டினாரா என்று கேட்டால், "காட்டினன், காட்டினன்" என்பார். வேறு கதை எடுக்கமாட்டார். நான் பின்னாலிருந்து, "வாப்பா, பள்ளம்", "வாப்பா, ஆடு" என்று சொல்லத் தொடங்கினேன். சும்மா ஒரு பழக்கம் போலத்தான் தொடங்கியது. போகப் போக வாய் ஓயவே இல்லை.

பிறகு அந்தக் கழுதை. கற்பிட்டிப் பக்கத்துக் கழுதைகளைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவை ரோட்டுக்குத் தங்கள் பெயரில் உறுதிப் பத்திரம் எழுதி வைத்திருக்கின்றன. நடு ரோட்டில் நிற்கும், ஹோர்ன் அடித்தாலும் அசையாது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, நல்ல உச்சி வெயிலில், அப்படி ஒன்று நின்றது. வாப்பா நேராக அதை நோக்கிப் போனார். வேகம் குறையவே இல்லை.

"வாப்பா! கழுத! வாப்பா!"

கடைசி நேரத்தில் பிரேக் பிடித்தார். பைக் சறுக்கி ஓரத்து மணலில் சாய்ந்தது. நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். ஒன்றும் ஆகவில்லை. கழுதை எங்களைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றது.

வாப்பா எழும்பி, கண்ணைச் சுருக்கி அங்குமிங்கும் பார்த்தார். "எங்க புள்ள அது?"

அது எட்டடி தூரத்தில் நின்றது. நான் பைக்கை நிமிர்த்தினேன்.

"தாங்க வாப்பா. நான் ஓடுறன்."

ஏசுவார் என்று நினைத்தேன். ஏசவில்லை. சாவியைத் தந்தார். நான் அபாயாவைத் தூக்கிச் செருகி, உள்ளே போட்டிருந்த காற்சட்டையோடு ஏறி உட்கார்ந்தேன். அவர் பின்னால் ஏறினார். என்னைப் பிடிக்கவில்லை, பின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். இரண்டு வருடத்துக்குப் பிறகு கிளச்சை விட்டபோது என் முழு உடம்பும் சிரித்தது. அந்த நிலைமையிலும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன்.

மணல் ரோட்டு முடியும் இடத்தில் ஒரு தண்ணீர் மோட்டார் கொட்டில் உண்டு. அங்கே வந்ததும் வாப்பா தோளில் தட்டினார்.

"நிப்பாட்டு. இனி நான் ஓடுறன். பெரிய ரோட்டுல ஆக்கள் பாப்பாங்க."

"ஒங்களுக்குக் கண் தெரியல்ல வாப்பா."

"பெரிய ரோட்டு எனக்குப் பழக்கம். உம்மாக்கிட்ட சொல்லாத."

"நான் சத்தியம் பண்ணிரிக்கன்."

"என்ன நடந்த எண்டு அல்லாஹ்வுக்குத் தெரியும். உம்மாக்குத்தான் தெரியக்கூடாது."

அன்றிலிருந்து தினமும் இதுதான் வழக்கம். போகும்போது கொட்டிலில் மாறுவோம், வரும்போது கொட்டிலில் மாறுவோம். உள்ளே ஐந்து கிலோமீற்றர் நான். வெளியே, பஸ்ஸும் லொறியும் போகும் ரோட்டில், அவர். ஊருக்குள் எல்லாரும் அவருடைய பைக்கை அறிந்து தாங்களாகவே ஒதுங்கினார்கள். நான் பின்னால் கலிமா சொல்லிக்கொண்டு இருந்தேன். வீட்டில் சொன்னால் வாப்பாவைக் காட்டிக்கொடுத்ததாகும். சொல்லாவிட்டால் இரண்டு பேரும் ஒருநாள் லொறிக்கு அடியில். உம்மாவின் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை. முறித்த சத்தியம் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது.

அதற்குப் பரிகாரம் உண்டென்று எனக்குத் தெரியும். சத்தியத்தை முறித்தால் கஃப்பாரா, மூன்று நோன்பு. ஒரு திங்கட்கிழமை தொடங்கினேன். திங்கட்கிழமை விரும்பியவர்கள் பிடிக்கும் சுன்னத்தான நோன்பு என்பதால் உம்மா சந்தோஷப்பட்டாள். "மாஷா அல்லாஹ், இப்பதான் புத்தி வந்திரிக்கி," என்று எனக்காகக் கஞ்சி காய்ச்சினாள்.

செவ்வாய்க்கிழமையும் பிடித்தேன். "இண்டைக்கு என்ன நோன்பு?" என்றாள்.

"கழா, உம்மா." ரமழானில் பெண்களுக்கு விட்டுப்போகும் நாட்களைப் பிறகு பிடித்து ஈடுசெய்வது கழா. யாரும் மேலே கேட்காத பதில் அது. உம்மாவும் கேட்கவில்லை. ஆனால் அந்த வருடத்துக் கழாவை நானும் உம்மாவும் சேர்ந்து, நாள் எண்ணி, பெருநாள் முடிந்த கையோடு பிடித்து முடித்திருந்தோம். அவசரத்தில் அது எனக்கு ஞாபகம் வரவில்லை. உம்மாவுக்கு வந்திருக்கிறது.

புதன்கிழமை நோன்பு திறந்தோம். வாப்பாவும் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். நான் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்ததும் உம்மா கேட்டாள்.

"மூணு நாள் ஆச்சு. எந்தச் சத்தியத்த முறிச்ச?"

நான் பழக்கொட்டையை எடுத்துக் கோப்பையோரம் வைத்தேன்.

"அதுவும் பிழையாத்தான் செஞ்சிரிக்கா. மூணு நோன்பு இல்லாதவங்களுக்கு. நீ சம்பளம் எடுக்கிற ஆள். பத்து ஏழைக்குச் சாப்பாடு குடுக்கணும். பள்ளிப் பயான்ல எத்தின தரம் சொல்லிட்டாங்க. படிச்ச புள்ளைக்கு இதுவும் தெரியாதா?" அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது உம்மாவுக்கு. "சொல்லு. யார்ட பைக்க ஓடின? எவன்ட பைக்?"

எவன்ட என்றது சுட்டது. நான் வாப்பாவைப் பார்த்தேன். வாப்பா கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிவாசலில் மஃரிப் பாங்கு முடிந்திருந்தது. "ஜமாஅத் தவறிடும்," என்று எழும்பிப் போய்விட்டார். தொழத்தான் போனார், நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் என்னை அந்தக் கதிரையில் கட்டிவைத்துவிட்டுப் போனது போலத்தான் இருந்தது.

அன்றைக்கே உம்மாவின் தீர்ப்பு வந்தது. நாளைக்குப் பள்ளிக்கூடம் இல்லை. மாப்பிள்ளை பார்த்து முடியும்வரை பள்ளிக்கூடமே இல்லை. வேலையை விட்டாலும் விடலாம், மானத்தை விடமுடியாது. நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு சொல் சொன்னால் நான் தப்புவேன், வாப்பா வாழ்நாள் முழுக்கக் கதிரையில் இருப்பார். அதற்காக வாயை மூடினேன் என்று பெருமை பேசலாம். உண்மை என்னவென்றால் அவராகவே சொல்லவேண்டும் என்று எனக்குப் பிடிவாதம்.

வியாழக்கிழமை உம்மா பத்துப் பேருக்குச் சமைத்தாள். நான் வெங்காயம் உரித்தேன். சோறு வடித்த நேரம் வாப்பா குசினி வாசலில் வந்து நின்றார். நிலையைத் தொட்டுப் பார்த்து நின்றார்.

"அது என்ட பைக்," என்றார். "நான்தான் ஓடச் சொன்ன. எனக்குக் கண் தெரியல்ல."

உம்மா கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "கண் தெரியல்ல எண்டது எனக்குத் தெரியும். ஆறு மாசமா ஒங்கட மீன்ல முள் எடுக்கிறது யாரு?"

எனக்கு ஏறியது ஒரு கோபம்! வாழ்க்கையில் உம்மாவோடு அப்படிக் கத்தியதில்லை. "தெரிஞ்சும் என்ன அவருக்குப் பின்னால ஏத்தி அனுப்பினீங்களா? நான் சாகிறதுக்கா?"

"நீ பின்னால இரிந்தா மெதுவா ஓடுவார்," என்றாள் உம்மா. "பள்ளம் எண்டு நீ சொல்லுவா. ஒன்ன அனுப்பாட்டியும் அவர் ஓடத்தானே போறார். தனியா போனா யாரு சொல்லுற? நீ ஓடத் தொடங்கிட்டா அவர் என்னத்துக்கு வெளிய போவார்? காலையில எழும்பி என்னத்துக்கு சேட் போடுவார்?"

வாப்பா அங்கேயே நின்று எல்லாவற்றையும் கேட்டார். கண்தான் தெரியாது, காது நன்றாகக் கேட்கும். எங்கள் இரண்டு பேருக்கும் அது ஞாபகம் வந்தபோது பிந்திவிட்டது. அவர் மெதுவாகத் திரும்பிப் போனார்.

பத்துச் சாப்பாட்டையும் கொடுத்துவிட்டு வந்தபின் உம்மா அலுமாரியைத் திறந்து லைசனை எடுத்தாள். கையில் தரவில்லை. "இன்னொரு சத்தியம் பண்ணு. வாப்பா பின்னால இல்லாம ஓட மாட்டன் எண்டு."

பண்ணினேன். இந்தமுறை என்ன செய்கிறேன் என்று தெரிந்தே பண்ணினேன்.

இப்போது மூன்று வருடம் ஆகப்போகிறது. வீட்டு வாசலிலிருந்து பள்ளிக்கூட வாசல்வரை நான்தான் ஓடுகிறேன். ஊர் ஒரு மாதம் கதைத்தது, பிறகு வேறு கதை கிடைத்துவிட்டது. வாப்பா பின்னால் இருக்கிறார். வேப்பமரத்தடியில் ஒன்றரை மணிவரை இருக்கிறார். முன் சீட் கிடைத்தது. ஆனால் பள்ளிக்கூடம் விட்டு ஒரு சிநேகிதி வீட்டுக்கு, ஒரு கடைக்கு, சும்மா கடற்கரைக்கு, எங்கே போவதென்றாலும் எழுபது கிலோ வாப்பாவும் வரவேண்டும். சில நாட்களில் அவரை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. தௌபா செய்து அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்கிறேன். மறுநாளும் பிடிக்காது.

போன மாதம் அவருக்குக் கடும் காய்ச்சல். காலையில் எழும்ப முடியவில்லை. நான் அறை வாசலில் உடுத்திக்கொண்டு நின்றேன். பிள்ளைகளுக்கு அன்றைக்குத் தவணைப் பரீட்சை.

"நீ போ புள்ள," என்றார். "தனியா போய்ட்டு வா. நான் உம்மாக்கிட்ட சொல்ல மாட்டன்."

உம்மா எனக்குப் பின்னால்தான் நின்றாள். அவர் சொன்னது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். போகாதே என்று சொல்லவில்லை.

ஒருநாள், ஒரே ஒருநாள் நான் தனியாகப் போய்ச் சுகமாகத் திரும்பி வந்துவிட்டால், அதற்குப் பிறகு அவர் எதற்கு? அது எனக்குத் தெரிந்தது. உம்மாவுக்கும் தெரிந்தது. வாப்பாவுக்கு எல்லாருக்கும் முதலே தெரிந்திருந்தது, தெரிந்துதான் போ என்றார்.

அதிபருக்குப் போன் எடுத்து லீவு சொன்னேன். வாப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் அபாயாவைக் கழற்றாமலே கட்டிலோரத்தில் உட்கார்ந்து அழுதேன். அவர் கையை நீட்டித் தடவி என் முழங்காலைத் தேடிப் பிடித்துக்கொண்டார். நானும் விடவில்லை.