தொட்டிக்கு அடியில் ஒட்டிய கம்பளி

படகுத்துறைப் பட்டறையில் அவரை எல்லோரும் ஒருசொட்டு என்றுதான் கூப்பிட்டார்கள். "என் டேங்க்ல ஒரு சொட்டு ஒழுகுமா?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டதால் வந்த பெயர். உல்லாசப் படகுகளுக்கு அலுமினியப் பெட்ரோல் தொட்டி செய்வது அவர் வேலை. வெல்டிங் வைத்த ஓரங்களில் சோப்புநீர் தடவி, உள்ளே காற்றடைத்து, குமிழி வருகிறதா என்று குனிந்து பார்ப்பார். பிறகு தொட்டி அதிர்ந்து சத்தம் போடக்கூடாது என்று அடியில் தடித்த கம்பளித் துண்டுகளை ஒட்டி, படகின் தளத்துக்குக் கீழே இறக்கி மூடிவிடுவார். அலுமினியம் காற்று பட்டால் காய்ந்து பிழைத்துக்கொள்ளும். உப்புநீரில் ஊறிய கம்பளி அதைக் காயவே விடாது. அப்படிச் சொன்ன ஓரிருவரை அவர் பட்டறைப் பக்கமே அண்டவிடவில்லை.

மகளைக் கட்டிக்கொடுத்தபோது மாப்பிள்ளையின் வாடகைப் படகுக்கும் அவரே தொட்டி செய்து வைத்தார். சில வருஷம் கழித்து மாப்பிள்ளை பட்டறைக்கு வந்தான்.

"மாமா, தளத்துக்குக் கீழே பெட்ரோல் வாசனை வருது. டேங்கை எடுத்துப் பார்த்துடலாம்."

"தளத்தை அறுத்தாதான் அது வெளியே வரும். ஊரே வேடிக்கை பார்க்கணுமா?"

"நாளைக்கு ஒரு குடும்பம் குழந்தைங்களோட வருது. பயமா இருக்கு மாமா."

"உங்களுக்கு எதுக்குத்தான் பயமில்ல மாப்பிள்ளை? பல்லி விழுந்தாலே என் பொண்ணைத்தானே கூப்பிடறீங்க?"

"விடுங்கண்ணே," என்றான் பட்டறையில் படகுக்கு வர்ணமடிக்கும் பெயிண்டர். "கல்யாணத்துக்கு அப்புறம்தான் அவர் மூக்கே வேலை செய்யுது."

பட்டறையே சிரித்தது. ஒருசொட்டு படகுக்குப் போய், தளத்திலிருந்த சிறு மூடியைத் திறந்து, தொட்டியின் மேல் ஓரத்தில் விரலை ஓட்டினார். உலர்ந்த விரலை மாப்பிள்ளையின் மூக்கருகே நீட்டினார்.

"எங்கே ஒழுகுது?" கரையில் ஏறி நின்றுகொண்டார். "சாவியைத் திருப்புங்க. ஆம்பளைதானே?"

மாப்பிள்ளை கரையில் சேர்ந்துவிட்ட கூட்டத்தைப் பார்த்தான். சாவியைத் திருப்பினான்.

எரிந்து மிஞ்சிய படகிலிருந்து தொட்டியை அவர் தனியாக அறுத்தெடுத்துக் கவிழ்த்தார். வெல்டிங் அத்தனையும் முழுசாக இருந்தது. கருகிய கம்பளியை உரித்த இடமெல்லாம் அலுமினியம் அரித்துப் பூத்த வெள்ளை மாவு. தட்டினால் கடுகு நுழைகிற அளவில் ஓட்டைகள். சுத்தியலால் தொட்டியை நசுக்கிப் பழைய தகடுகளோடு எறிந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்.

கட்டிலோரம் மகள் இருந்தாள். "அப்பா, டேங்க்தானா?"

"என் டேங்க் ஒழுகுமாம்மா? பெட்ரோல் ஊத்தும்போது சிந்தியிருப்பார். கேட்டா ஒத்துக்கமாட்டார்."

மகள் கட்டுப்போட்ட முகத்தின் பக்கம் திரும்பினாள். "ஏங்க, பார்த்து ஊத்துங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்?"

துணிக்குள்ளிருந்து முனகல் வந்தது.

"பேசாதீங்க மாப்பிள்ளை," என்று அவர் போர்வையை இழுத்துவிட்டார். "டாக்டர் பேசக்கூடாதுன்னு சொல்லியிருக்கார்."