மூன்றாவது குப்பி

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். போர் முடிந்த மறு வருஷம் அது. தூத்துக்குடியில் ஓர் உப்பளத்தில் மேற்பார்வை வேலை பார்த்துவந்தேன். வேலைக்குப் போகும் வழியில் காப்பிக்கடையில் பேப்பரை எடுத்தால் பிறர் கைக்கு விடமாட்டேன். நானே உரக்கப் படிப்பேன், விளக்கமும் நானே சொல்வேன். அரசியல் செய்தியை எவன் வேண்டுமானாலும் படிப்பான். எனக்கு மருந்துச் செய்தி என்றால் உயிர். சீமையில் பூசணத்திலிருந்து ஒரு மருந்து எடுத்திருக்கிறார்கள், சீழ் வைத்துச் சாகக் கிடந்த பட்டாளத்துக்காரர்கள் எழுந்து நடமாடுகிறார்கள் என்று ஒரு நாள் படித்தேன். கடைக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அப்பம் பூசணம் புடிச்ச ரொட்டிய இனிமே வீசாண்டாம், ஆஸ்பத்திரிக்கு அனுப்பிரலாம். அப்படித்தான அண்ணாச்சி?"

"ஓய், பூசணம் உம்ம மூளையிலதான் இருக்கு. பெனிசிலின்னு பேரு. எழுதி வச்சிக்கிடும்" என்றேன். அன்று முழுக்க அந்தப் பெயரை உப்பளத்திலும் நாலு பேரிடம் சொல்லிப் பெருமை அடித்தேன். என்னவோ நானே கண்டுபிடித்த மாதிரி.

ஆறு மாதம்கூட ஆகவில்லை. எங்களுக்கு ஒரே பிள்ளை, ஒன்பது வயசுப் பெண். கடற்கரையில் குவிந்து கிடக்கும் சிப்பி ஓடுகளின் மேல் ஓடி விளையாடி, உள்ளங்காலைக் கிழித்துக்கொண்டு வந்தாள். எங்கள் ஊரில் கால் கிழியாத பிள்ளை உண்டா? என் மனைவி மஞ்சளைக் குழைத்துப் போட்டாள், நான் இரண்டு திட்டுத் திட்டினேன், அவ்வளவுதான். மூன்றாம் நாள் முழங்கால்வரை வீங்கி, உடம்பு அனலாகக் கொதித்தது. தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சல்பா மாத்திரை கொடுத்தார்கள். ஐந்து நாள் கொடுத்தும் காய்ச்சல் இறங்கவில்லை. டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், இளவயசு. எதையும் பூசி மெழுகத் தெரியாதவர். என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்.

"கிருமி ரத்தத்துல ஏறிட்டுது. எங்கிட்ட இருக்கிற மருந்து அவ்வளவுதான்."

"பெனிசிலின் போடுங்கய்யா."

"பேப்பர்ல போட்டா என் அலமாரியில வந்துடுமா? மெட்ராஸுக்கு எழுதிப் போட்டு வாங்கப் பத்து நாளாவது ஆகும். உம்ம பொண்ணுக்குப் பத்து நாள் இல்ல."

முகத்துக்கு நேராக அப்படிச் சொன்னார். வேறு நேரமாக இருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். உள்ளே என் மனைவி, "தஸ்நேவிஸ் தாயே, தஸ்நேவிஸ் தாயே" என்று பனிமய மாதாவைக் கூப்பிட்டு முணுமுணுத்துக்கொண்டே பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தாள். துணி போட்ட கொஞ்ச நேரத்தில் காய்ந்துபோனது.

அப்போதெல்லாம் பெரிய கப்பல்கள் எங்கள் கரைக்கு வரமுடியாது. பல மைல் தள்ளி நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். எங்கள் உப்பு தோணியில்தான் அங்கே போகும். அன்று கல்கத்தா போகிற கப்பல் ஒன்று எங்கள் உப்புக்காக நின்றுகொண்டிருந்தது. போர்க்காலத்தில் பட்டாளத்தை ஏற்றிய கப்பல் என்று தோணிக்காரர்கள் பேசிக்கொண்டது நினைவுக்கு வந்தது. டாக்டரிடம் ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு உப்பு மூட்டைகளின் மேல் உட்கார்ந்து போனேன். கயிற்று ஏணியில் ஏறி, கப்பல் டாக்டர் எங்கே என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் ஒரு நரைத்தலை வெள்ளைக்காரர் முன்னால் நின்றேன். காப்பிக்கடையில் அத்தனை பேச்சுப் பேசிய வாயில் இங்கிலீஷ் ஒரு வார்த்தை வரவில்லை. கடிதத்தை நீட்டிவிட்டு நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்தேன்.

மூன்று குப்பி கொடுத்தார். ஒரு தகரப் பெட்டியில் ஐஸ் போட்டு, நடுவில் வைத்து, ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். சாயங்காலமே கப்பல் போய்விட்டது.

டாக்டர் சீட்டைப் படித்துச் சொன்னார். ஒரு நாளைக்கு ஒரு குப்பி. தண்ணீரில் கரைத்து, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் ஊசி. மூன்று நாளும் விட்டுப்போகாமல் போட வேண்டும், நடுவில் விட்டால் கிருமி திரும்ப எழுந்துவிடும். கரைத்த மருந்தை ஐஸிலேயே வைத்திருக்க வேண்டும். சூடு பட்டால் அது வெறும் தண்ணீர்தான்.

"இங்க குளிர்பெட்டி கிடையாது. ஊசி என் பொறுப்பு. ஐஸ் உம்ம பொறுப்பு" என்றார்.

ஊரில் ஐஸ் வந்தது ஒரே இடத்துக்குத்தான். சோடா கம்பெனி முதலாளி மதுரையிலிருந்து காலை ரயிலில் உமி மூடிய கட்டி ஒன்று வரவழைப்பார். அவரிடம் போய் விஷயத்தைச் சொன்னதும், "சோடா எங்கவே போவுது? முழுசா எடுத்துட்டுப் போரும், பிள்ளையப் பாரும்" என்றார். கட்டியை உடைத்துத் தகரப் பெட்டியில் போட்டு, சுற்றிலும் உமி கொட்டி, மேலே நனைந்த சாக்கைப் போர்த்தி, பெட்டிக்குப் பக்கத்திலேயே இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன்.

அந்த இரண்டு நாளில் நடந்ததைப் பேப்பரில் படித்திருந்தால்கூட நம்பியிருக்க மாட்டேன். முதல் ராத்திரி விடிவதற்குள் காய்ச்சல் இறங்கியது. மறுநாள் வீக்கம் வடிந்தது. ஒவ்வொரு ஊசிக்கும் பிள்ளை ஊரைக் கூட்டி அழுதாள். ஆனால் அழுது முடித்ததும் சாப்பாடு கேட்டாள்.

"எனக்குக் கஞ்சி வேண்டாம். மீன் கொழம்பு வேணும். அப்பா, உங்க மூஞ்சி ஏன் இப்பிடிக் கெடக்கு? காய்ச்சல் எனக்கா, ஒங்களுக்கா?"

"வாயப் பாரு. அப்படியே அப்பன் வாய்" என்று சொல்லிக்கொண்டே என் மனைவி சேலையால் கண்ணைத் துடைத்தாள். டாக்டர் ஒரு நோட்டில் மணிக்கு மணி காய்ச்சலைக் குறித்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரில் இந்த மருந்து கண்ட முதல் உடம்பு இவளுடையது. முழுசாக எழுதி மெட்ராஸுக்கு அனுப்பப்போவதாகச் சொன்னார். "நாளை ஒரு நாள் தாண்டட்டும். உம்ம பொண்ணு உமக்குத்தான்" என்று என் தோளில் தட்டினார்.

மூன்றாம் நாள் ரயில் தாமதம். கட்டி பாதியாகக் கரைந்து வந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு டாக்டர் மூன்றாவது குப்பியைக் கரைத்து என் கையில் கொடுத்தபோது, பெட்டியில் இருந்த ஐஸைப் பார்த்தேன். மறுநாள் காலைவரை தாங்குமா? ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துக்குள் இன்னும் வற்றிவிட்டது.

நான் உப்புக்காரன். எங்கள் ஊரில் எது கெடப்போகிறதோ அதன் மேல் உப்பைக் கொட்டுவோம். மீன், மாங்காய், நார்த்தங்காய், ஆட்டுத்தோல், எதுவானாலும் உப்பில் கிடந்தால் அப்படியே நிற்கும். ஐஸும் நிற்கும் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியது என்ன, சந்தேகமே வரவில்லை. டாக்டரைக் கேட்கவும் இல்லை. உப்பைப் பற்றி ஒரு தஞ்சாவூர்க்காரரிடம் நான் என்ன கேட்பது?

"வீட்டுல போயி ரெண்டு படி கல்லுப்பு எடுத்துட்டு வாளா" என்று மனைவியை அனுப்பினேன். ஓடிப்போய் மடியில் அள்ளிக்கொண்டு ஓடிவந்தாள். ஐஸின் மேல் அவளே கொட்டினாள், நான் கிளறிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் தகரத்தின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பனி படிந்தது. கையை வைத்தால் விரல் ஒட்டிக்கொண்டது.

"ஏங்க, எப்படிக் குளுருது பாத்தீங்களா! இத மொதல்லயே செஞ்சிருக்கலாம்லா?"

"உப்புக்காரன் மூளைன்னா சும்மாவா?" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அன்று ராத்திரிதான் நான் முதல்முறையாகக் கண்ணயர்ந்தேன். ஊசி நேரத்தில் நர்சம்மாவே பெட்டியைத் திறந்து குப்பியை எடுத்துக்கொண்டாள்.

விடிந்ததும் பெட்டிக்குள் கையை விட்டேன். ஒரு துண்டு ஐஸ் இல்லை. உப்புத் தண்ணீர், அதுவும் குளிர்ச்சி போன தண்ணீர். அதில் குப்பி மிதந்துகொண்டிருந்தது. உப்புப் போட்டால் ஐஸ் முதலில் கடுமையாகக் குளிரும், ஆனால் சீக்கிரமே கரைந்து தீர்ந்துவிடும் என்பது ஐஸ்கிரீம் சுற்றுகிறவனுக்குக்கூடத் தெரியும் என்று பின்னால் அறிந்துகொண்டேன். உப்பிலேயே பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியவில்லை. சோடா கம்பெனிக்கு ஓடினேன். "இன்னைக்கு மதுரையில ஐஸே ஏத்தலையாம்வே" என்றார் முதலாளி.

திரும்பி வந்தபோது வராந்தாவின் அந்தக் கோடியில் டாக்டர் வந்துகொண்டிருந்தார். நான் செய்ததைச் சொல்கிறேன். தொட்டால் குளிரட்டும் என்று குப்பியை எடுத்துக் குடிதண்ணீர்ப் பானைக்குள் அமுக்கினேன். அவர் கிட்டே வருவதற்குள் எடுத்துத் துடைத்துக் கையில் கொடுத்தேன்.

"ஐஸ் இருக்குல்ல?"

"இருக்குய்யா."

ஏன் அப்படிச் சொன்னேன்? உண்மையைச் சொன்னால், உப்பைக் கொட்டியது தன் கைதான் என்று என் மனைவி ஆயுசு முழுக்க நினைத்து நினைத்துச் சாவாள் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். அதில் பாதி பொய். எல்லாம் தெரிந்தவன் என்று பேர் வாங்கியிருந்தேன். வெட்கம் என் வாயைக் கட்டியது.

ஒன்பது மணிக்குக் காய்ச்சல் ஏறியது. மதியம் பிள்ளை பிதற்ற ஆரம்பித்தாள். டாக்டர் நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"நேத்துவரைக்கும் கேட்ட மருந்து இன்னைக்கு ஏன் கேக்கல? கிருமி இந்த மருந்துக்குப் பழகிடும்னு பத்திரிகையில எழுதியிருக்கான். அதுவாத்தான் இருக்கணும்."

"ஆமாய்யா, நானும் படிச்சேன்" என்றேன். நான் படிக்கவே இல்லை. அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

கரைத்த மருந்து சில மணி நேரச் சூட்டில் முழுசாகச் செத்திருக்காது, கிருமியின் விஷம் முற்றிப்போனதாலும் காய்ச்சல் திரும்பியிருக்கலாம் என்று இப்போது படித்த பிள்ளைகள் சொல்கிறார்கள். சொல்லட்டும். எனக்கு அதில் ஓர் ஆறுதலும் இல்லை. அன்று அது வெறும் தண்ணீர் என்று நம்பிக்கொண்டுதான் நான் பக்கத்தில் நின்றேன்.

மூன்று மணிக்குக் குப்பியில் ஒரே ஓர் ஊசிக்குத்தான் மருந்து மிச்சம். நர்சம்மா ஊசியோடு வந்ததும் அதுவரை நினைவில்லாமல் கிடந்தவள் கண்ணைத் திறந்துவிட்டாள். இரண்டு தொடையிலும் குத்திக் குத்திக் கன்றிப்போய் விரல் வைக்க இடமில்லை. "அம்மா, வேண்டாம்மா, குத்தச் சொல்லாதம்மா" என்று முனகினாள்.

என் மனைவி ஊசிக்குக் குறுக்கே போய் நின்றாள். "போதும் டாக்டரய்யா. எம்பிள்ளையக் குத்தாண்டாம். கொடுத்தவன் எடுக்கதுன்னா நோவாம எடுத்துக்கிடட்டும்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "நீர் என்ன சொல்றீர்?"

ஒரு வார்த்தை போதும். எதுவும் தெரியாத அவள் நிறுத்தச் சொல்கிறாள். தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆனால் நிறுத்தலாம் என்று நான் சொன்னால் ஏன் என்று கேட்பார்களே.

"இன்னும் ஒண்ணுதான இருக்கு. போட்டுருங்கய்யா" என்றேன்.

பிள்ளை நல்ல காலால் உதைத்தாள். நான் குனிந்து இரண்டு கையாலும் அந்தக் காலைப் பிடித்து அமுக்கினேன். "அப்பா, விடுங்கப்பா" என்றாள். ஊசி ஏறி முடியும்வரை விடவில்லை. விளக்கு வைப்பதற்குள் போய்விட்டாள். அதற்கு முன்னால் தண்ணீர் கேட்டாள், அம்மாவைக் கூப்பிட்டாள். என்னைக் கூப்பிடவில்லை.