திரும்பி வந்த செவலைக்கோழி

டெங்குக் காய்ச்சலில் பிழைத்து வந்த பெண்ணை எந்த வீட்டிலும் இப்படி வரவேற்றிருக்க மாட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கோட்டைமேட்டு வீட்டுக்குள் நான் காலை வைத்ததும், அம்மா மொட்டைமாடியில் மேய்ந்துகொண்டிருந்த என் செவலைக்கோழியைப் பிடித்து வந்து என் தலையைச் சுற்றினாள். பிள்ளை பிழைத்ததற்கு ஏழைக்குக் கொடுக்கும் சதக்காவாம், தர்மமாம். பின்சந்தில் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துப் பிழைக்கும் அக்காவைக் கூப்பிட்டு அவர் கையில் கொடுத்துவிட்டாள். அவர் வழக்கம்போல் வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டார்.

கோழி என்னுடையது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனாலும் அந்த அக்கா அதை அணைத்துப் பிடித்த விதத்தைப் பார்த்து, வளர்க்கத்தான் கொண்டுபோகிறார், நாளைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சரியான மக்கு நான்.

அந்தி சாய்ந்து மக்ரிப் தொழுகை முடிந்த நேரம், அவர் தூக்குப்போசியோடு மறுபடி வாசலுக்கு வந்தார்.

“கண்ணுக்கு உடம்பு தேறோணுமுங்க. காலு ரெண்டையும் இதுலயே போட்டுட்டேன்” என்றார்.

எனக்கு அழுகை வெடித்தது. என் செவலை, மசாலா வாசத்தோடு வந்து நிற்கிறது. அம்மாவும் பதறிப்போனாள்; ஆனால் அவள் பயம் வேறு. அதை அத்தாவின் அக்கா அடுப்படியிலிருந்தே சொல்லிவிட்டார்.

“தலை சுத்திக் குடுத்ததை நாமளே திங்கறதா? போன காச்சல் திரும்பி வந்துரும் அம்மணி. வாங்காத.”

வாசலில் நின்றவருக்கும் அது கேட்டுவிட்டது. நீட்டிய கை மெல்லத் தாழ்ந்தது.

அத்தா எழுந்து போய்ப் போசியை வாங்கிக்கொண்டார். “நாம குடுத்தது சதக்காங்க அக்கா. இது அவிங்க நமக்குக் குடுக்கற அன்பளிப்பு. ரெண்டும் ஒண்ணில்லீங்க” என்று அடுப்படிப் பக்கம் சொன்னார். பிறகு உட்கார்ந்து, பிஸ்மி சொல்லி, எல்லார் கண்ணெதிரிலும் என் செவலையைத் தின்றார்.

“உள்ள வாங்க தங்கச்சி. உப்பும் காரமும் எடுப்பா இருக்குதுங்க.”

அத்தோடு விட்டாரா? ஒரு காலை எடுத்து என்னிடம் நீட்டினார். பெற்ற தகப்பன்! நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு பல நாள் அவரோடு பேசவில்லை.

அந்த அழுகையிலும் ஒன்று கண்ணில் பட்டது. ஒரு நாளும் வாசற்படி தாண்டாத அந்த அக்கா, அன்று உள்ளே வந்து எங்கள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, அம்மாவிடம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். என் கோழியைக் கொன்றுவிட்டு எவ்வளவு ஹாயாக உட்கார்ந்திருக்கிறார் என்றுதான் எனக்கு அப்போது தோன்றியது.