பக்கத்து நாற்காலியிலிருந்து வந்த பரீட்சை

செய்தி வந்தபோது, வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்து இன்சுலின் போடுவது எப்படி என்று ஒரு பெரியவருக்குச் சொல்லித்தந்துகொண்டிருந்தேன். "சுகுணா போயிட்டா ஜெயா" என்றார் போனில் சுகுணாவின் கணவர். மாரடைப்பு. பெரியவர் ஊசியோடு காத்திருந்தார். "போட்டுக்கவாம்மா?" என்றார். "போடுங்க சார்" என்றேன். வேறென்ன சொல்வது?

எங்கள் கிழக்குத் தாம்பரம் கிளினிக்குக்கு வரும் உங்களுக்குச் சுகுணாவைத் தெரியும். சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசி, சாப்பாடு, கால் பராமரிப்பு என்று சொல்லித்தருவதுதான் எங்கள் இருவருக்கும் வேலை. கதவில் 'டயபடீஸ் எஜுகேட்டர்' என்று பலகை தொங்கும். அதைப் பார்த்தாலே அவருக்கு எரிச்சல் வரும். "டீக்கடைக்குக்கூட லைசென்ஸ் கேக்குறாங்க. நமக்கு எங்க ஜெயா லைசென்ஸ்?" என்பார்.

அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்காது. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரு கம்பெனி சூப்பர்வைசர் வருவார். எவ்வளவு மருந்து ஏற்றியும் சர்க்கரை இறங்கவில்லை. ஒரு நாள் சுகுணா, "என் எதிர்ல போட்டுக் காட்டுங்க சார்" என்றார். மனிதர் ஊசியின் உள்மூடியைக் கழற்றாமலே இன்சுலின் பேனாவை வயிற்றில் அழுத்தினார். மருந்தெல்லாம் மூடிக்குள்ளேயே நின்றது. "மூடியக் கழட்டுங்கன்னீங்க, கழட்டிட்டனே மேடம்!" என்றார். அவர் கழற்றியது வெளிமூடியை. உள்ளே இன்னொன்று உண்டு என்று சொல்லாமல் விட்டவர் சுகுணாதான்.

அன்று சுகுணா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. "ஒருத்தரும் என்ன பரீட்சை பண்ணல ஜெயா. நல்லா பேசுறான்னு உக்கார வச்சிட்டாங்க."

அதற்குப்பின் ஆள் ஓரிடத்தில் நிற்கவில்லை. மனு, கூட்டம், போன். எங்கள் வேலைக்கு லைசென்ஸ் வேண்டும், பரீட்சை வேண்டும், தேறாதவரை உட்கார வைக்கக் கூடாது என்று அலைந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பட்டம் இருந்தாத்தான் லைசென்ஸுன்னு சட்டம் வந்தா மொதல்ல வெளிய போறது நீதான். உன் தலைல நீயே மண்ண வாரிப் போட்டுக்கிறியா?" என்று கத்தினேன். அவர் டிப்ளமோ மட்டும் படித்தவர். அந்தச் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. "போனா போறேன். தப்பா சொல்லிக்குடுக்கறதுக்கு வீட்லயே கெடக்கலாம்" என்றார்.

சட்டம் வரும்வரை காத்திருக்க அவருக்கு ஏது பொறுமை? சனிக்கிழமைதோறும் ஒருவர் சொல்லித்தருவதை மற்றவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். நோயாளி போனதும், "எங்க தப்பு பண்ணேன்? மழுப்பாம சொல்லு" என்று பிடித்துக்கொள்வார். என் முறை வந்தால் தயவு தாட்சண்யம் கிடையாது. "பாதி நேரம் நோயாளிக்காகப் பேசல, உன் பேச்சழகக் காட்டப் பேசின" என்றார் ஒருமுறை. அந்த வாரம் முழுக்க நான் அவரோடு பேசவில்லை. அது இப்போது வலிக்கிறது.

லைசென்ஸ் இன்னும் வரவில்லை. போன சனிக்கிழமை ஓர் அம்மா இரண்டு மூடியையும் கழற்றி, சரியாகப் போட்டுக் காட்டிவிட்டுப் போனார். நான் பழக்கதோஷத்தில் பக்கத்து நாற்காலியைப் பார்த்து, "எங்க தப்பு பண்ணேன்?" என்று கேட்டுவிட்டேன். சுகுணாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான். அது என்னை நிம்மதியாக இருக்க விடவில்லை.

நேற்று அவருடைய மனுவில் முதல்முறையாகக் கையெழுத்துப் போட்டேன். பட்டம் எனக்கும் கிடையாது.